ரேணுகாம்பாள் போட்ட பலகைத் தடுப்பு

“ரேணு ஓடிப்போனாள்னு சொல்லாத, செல்லியம்மா. நடந்து போனா. பட்டப்பகல்ல, தெருவே பாத்துகினு இருக்கசொல்ல நடந்து போனா.”

“நடந்து போனாளோ, ஓடிப் போனாளோ. அந்த ஆசாரி எதுக்கு மூணு மாசமா உங்க வூட்டுக்கு வந்துகினு போயிகினு இருந்தான்?”

“பலகை அடிக்க வந்தான். ஆசாரி வேற எதுக்கு வருவான், வாசல்ல கோலம் போடவா? அவன் இன்னிக்கும் அடுத்த தெருவுல பொண்டாட்டி புள்ளைங்களோட இழைச்சுகினு தான கீறான். அப்போ இவகூட ஓடினது யாரு, அவன் இழைப்புளியா?”

குழாயடியில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். செல்லியம்மாளும் சிரித்தாள். ஆனால் மறுநாள் வேறு ஆளிடம் அதையே சொன்னாள். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஆளுக்கொரு கதை. ஆசாரியோடு போய்விட்டாள் என்று பாதிப் பேர், நான் துரத்திவிட்டேன் என்று மீதிப் பேர். இரண்டும் இல்லை. ஒரு தடுப்புக்கு எத்தனை பலகை வேண்டும் என்பதில் ஆரம்பித்த சங்கதி இது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள்.

ரேணுகாம்பாள் என் வீட்டுக்காரர் பலராமனுடைய தங்கை. எனக்கு நாத்தனார். தெள்ளாரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டிவந்தபோது இவள் சண்டை போடவில்லை. நூல் சுற்றும் ராட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஆரணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அது எழுபத்திரண்டிலோ மூன்றிலோ. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு. வந்த அன்றைக்கே பின்கட்டில் சும்மா கிடந்த என் மாமனாருடைய தறியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் பத்து வருஷம், நல்ல நாள் கெட்ட நாள் தவிர, அந்தத் தறிக்குழியில் அவள் கால் தொங்காத பகலே கிடையாது.

அவளிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. எந்தப் பொருளும் எவ்வளவு வேண்டும் என்று கண்ணாலேயே சொல்வாள். இந்தக் கரைக்கு இவ்வளவு ஜரிகை, இந்தப் பாவுக்கு இவ்வளவு பட்டு என்று அவள் சொன்னால், நெய்து முடிக்கும்போது கையில் ஒரு சாண் நூல்தான் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு சாணையும் எறிய மாட்டாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பார்கள் இல்லையா, அந்த வேலைக்குத் தெருவில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆயிரக்கணக்கில் இழை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு விரலால் ஒரு உருட்டு உருட்டுவாள். எங்கே சேர்த்தாள் என்று அவளுக்கே அப்புறம் தெரியாது.

எண்பத்திரண்டில் என் மகன் ஜெயவேலுக்குப் பெரணமல்லூரில் பெண் நிச்சயமானது. வைகாசியில் கல்யாணம். பெண் பேர் தேவகி. வீட்டில் இருப்பது முன்கட்டு, ஒரு சமையல்கட்டு, பின்கட்டு, அவ்வளவுதான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு அறை வேண்டும். பின்கட்டில் இரண்டு தறிகள் கிடந்தன. ஒன்று ஜெயவேலுடையது, ஒன்று ரேணுவுடையது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

“ஜெயவேலு தறிய முன்கட்டுக்குத் தூக்கிடலாம். ரேணு தறிய பிரிச்சு மேல அட்டத்துல போடுங்க. பின்கட்டு மொத்தமும் அவங்களுக்கு.”

“நான் எங்கண்ணா நெய்யறது?” என்றாள் ரேணு.

“சொசைட்டிகாரங்க ஷெட்ல கேட்டுப் பாரு. தூங்கறதுக்கு அண்ணிகூட சமையல்கட்டுல படுத்துக்கோ.”

ரேணு சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள். “நடுவுல ஒரு தடுப்புப் போட்டுக்கறேன். பாதி அவங்களுக்கு, பாதி எனக்கு. செலவு என்னுது. பந்தக்கால் நடறதுக்குள்ள தடுப்பு நிக்கலன்னா நானே தறியப் பிரிச்சுடறேன்.”

அவர் ஒத்துக்கொண்டார். அந்தப் பாதிதான் அவளுக்கு எல்லாம். அது இருந்தால் அவள் ஒரு வீட்டில் இருக்கிற மனுஷி. இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவள்.

செங்கல் சுவர் எழுப்ப முடியாது. தறிக்குழிக்குப் பக்கத்தில் கடைக்கால் தோண்டினால் குழியே சரிந்துவிடும். அதனால் மரச்சட்டம் அடித்து, அதன் இரண்டு பக்கமும் ஹார்டுபோர்டு பலகை. அந்தக் காலத்தில் அதை ஆபீசுகளில்தான் பார்த்திருந்தோம். வேலூரில் ஒரு கடையில் கிடைக்கும் என்றான் முருகேசன் ஆசாரி. ஒரு பலகை எட்டடி நீளம், நாலடி அகலம். ஒரே தடவையாக லாரியில் ஏற்றிவிடுவார்கள். மறுபடி சரக்கு வர மாசக்கணக்கில் ஆகும், சரியாகச் சொல்லிவிடுங்கள் என்றான்.

எங்கள் பின்கட்டு ஒரு பக்கமாகச் சரிந்த ஓட்டுக் கூரை. முன்பக்கம் பதினோரு அடி உசரம், கிணற்றடிப் பக்கம் ஏழு அடி. தடுப்பு பதினாறு அடி நீளம் ஓட வேண்டும். ஆசாரி விரலை மடக்கினான்.

“ஒரு பக்கத்துக்கு நாலு பலகைய நிக்க வெக்கணும்க்கா. அதுங்க எட்டடிதான் எட்டும். அதுக்கு மேல கூரை வரைக்கும் சரிவா தொறந்து நிக்கும். அத மூட ஒரு பலகைய அறுக்கணும். ஆக அஞ்சு. ரெண்டு பக்கம் பத்து. அறுக்கசொல்ல எதனா ஒடஞ்சா அதுக்கு ஒண்ணு. பதினொண்ணு சொல்லிடுங்க.”

“பதினொண்ணா? யாருக்குப்பா, ஜில்லாவுக்கே தடுப்புப் போடறியா?” என்றாள் ரேணு.

அன்று சாயங்காலம் பாவு விரிக்கிற தெருவில் வெயில் தாழ்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். பலகை அளவுக்கு ஒரு பழைய வேட்டியை மடித்து வைத்திருந்தாள். கூரைச் சரிவின் நடுவில் நின்று உசரம் அளந்திருக்கிறாள், ஒன்பது அடி. உசந்த பக்கம் கூடுவதும் தாழ்ந்த பக்கம் குறைவதும் சரியாகிவிடும் என்றாள். பதினாறுக்கு ஒன்பது என்று மண்ணில் கோடு கிழித்து, அதற்குள் அந்த வேட்டியைப் போட்டுப் போட்டு எடுத்தாள். நாலரை தடவை விழுந்தது.

“ரெண்டு பக்கத்துக்கும் ஒம்பது. பாத்தீங்களா அண்ணி? அதுல அவங்க என் பக்கமா கிணத்தடிக்குப் போற வாசல் ஒண்ணு விடறோம். ஆறடிக்கு மூணடி. அந்த எடத்துல பலகை இல்ல. ரெண்டு பக்கமும் கழிச்சா ஒரு பலகைக்கு மேலயே மிச்சம். எட்டு போதும்.”

“ஆசாரி பதினொண்ணு சொல்றானே, ரேணு.”

“அவன் மரத்த அறுத்து எறியறவன். எறியறதையும் சேத்துத்தான் கணக்குப் போடுவான். மிச்சத் துண்ட எடுத்து மேல சேத்துகினா ஆச்சு.”

எனக்குப் பலகையைப் பற்றி என்ன தெரியும்? அவள் இதுவரைக்கும் சொன்ன அளவு எதுவும் தப்பினதில்லை. சரி என்று தலையாட்டினேன். தெருவில் யாராவது பழி சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தலையாட்டலுக்காக என்னைச் சொல்லட்டும், பொறுத்துக்கொள்வேன்.

எட்டுப் பலகை வந்து இறங்கியது. ஆசாரி எண்ணிப் பார்த்தான். சட்டம் நிறுத்தினான், பலகை அடித்தான். எட்டும் நின்றுவிட்டன. எட்டடி வரைக்கும் அழகான சுவர். அதற்கு மேலே, உசந்த பக்கத்தில் மூன்றடி திறந்து, போகப் போகக் குறைந்து, பன்னிரண்டாவது அடியில் கூரையோடு ஒட்டியது. ஒரு பெரிய முக்கோணம்.

“வாசல் வெட்டின துண்டு ரெண்டு இருக்கில்ல, அத அறுத்து மேல அடிப்பா,” என்றாள் ரேணு.

“அப்போ கதவுக்கு?”

ரேணு அந்தத் துண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாசல்னு விட்டா கதவு வாணாமாக்கா? அந்த ரெண்டு துண்டும் கதவுக்குத்தான் ஆவும். அதனாலதான் நான் வாசலுக்குக் கழிக்கல.”

“கதவுக்குப் பழைய பொடவையத் தொங்க விட்டுக்கலாம். நீ மேல அடி.”

“அடிக்கறேன். எத்தினி ஒட்டு வரும் தெரியுமா? ஒவ்வொரு ஒட்டுக்கும் பின்னால ஒரு சட்டம் நிக்கணும். வெறும் பலகை நுனியோட பலகை நுனி எப்பிடிக்கா ஒட்டும்?”

“நூலு ஒட்டலியா?”

“நூல முறுக்கறீங்க. இத முறுக்கிக் காட்டுங்க பாப்போம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் விடவில்லை. அவன் அறுத்துக் கொடுத்த துண்டுகளை ஏணிமேல் ஏறி நின்று தானே பொருத்திப் பிடித்தாள், அவன் ஆணி அடித்தான். சட்டம் பற்றாத ஓரமெல்லாம் விலகி நின்றது. இரண்டாம் நாள் யாரோ தெருக்கதவை வேகமாகச் சாத்தினார்கள். துண்டுகளில் ஒன்று பிய்த்துக்கொண்டு அவள் தறிமேலேயே விழுந்தது. பாவில் ஒரு கை அகலத்துக்கு இழை அறுந்துபோனது. அவள் உட்கார்ந்து அத்தனை இழையையும் பிணைத்தாள். மூன்று நாள் ஆனது. பிணைத்து முடித்துவிட்டு, மீதித் துண்டுகளைக் கழற்றிக் கதவு செய்யச் சொல்லிவிட்டாள். மேலே சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டாள்.

வேலூர்க் கடையில் சரக்கு இல்லை, இரண்டு மாசம் ஆகும் என்று பதில் வந்தது. பந்தக்கால் நட்டாயிற்று. என் வீட்டுக்காரர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலையை மென்றுகொண்டே போய்விட்டார். தடுப்பு நிற்கிறதா என்றால் நிற்கிறது. முடிந்ததா என்றால் முடியவில்லை.

தேவகி வந்தாள். நல்ல பெண். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் ரேணு தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். ஆசையாகத்தான் கேட்பாள். அந்தப் பெண் அப்புறம் இருமுவதையே விட்டுவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் பேச வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போய் நின்று பேசினார்கள். காற்றடித்தால் சாக்கு ஆடும். ரேணு வேண்டுமென்றே தறியை ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பாள், பேச்சு காதில் விழக்கூடாதென்று. சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டாள். எனக்கு இரண்டு பக்கமும் போய்ச் சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது பெண்ணை அழைத்துப்போகச் சம்பந்தியம்மா கமலம் வந்தாள். அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள்.

“இது இன்னா சம்பந்தியம்மா, மேல சாக்கு?”

“பலகை வரணும். வந்ததும் அடிச்சுடுவோம்.”

“பலகை வரட்டும். அதுக்கப்புறம் பொண்ண அனுப்பறேன். ஆவணி பொறந்தாலும் சரி, ஐப்பசி பொறந்தாலும் சரி. அக்கம்பக்கத்துல இன்னா பேசறாங்க தெரியுமா? அத்தக்காரி தடுப்புக்கு மேல காத வெச்சுகினு கீறாளாம்.”

இதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

அந்த ஆடி மாசம் ரேணு மூன்று தடவை வேலூருக்குப் போய்வந்தாள். மூன்றாவது தடவை இரண்டு பலகையைக் கையோடு கொண்டுவந்தாள். பஸ் மேலே ஏற்றமாட்டேன் என்றவனிடம் என்ன சொல்லிச் சமாளித்தாளோ. ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் படுக்க வைத்து, மழை தூறியதும் தான் கட்டிக்கொள்ள வைத்திருந்த மாற்றுப் புடவையைப் பலகைமேல் மூடி, தான் நனைந்துகொண்டு வந்தாள். ஆசாரி வந்தான். இந்தத் தடவை அவள் அளவு சொல்லவில்லை. அவன் சரிவுக்குத் தகுந்தபடி சாய்த்து அறுத்து, சட்டத்தைக் கூரைவரைக்கும் நீட்டி, இரண்டு பக்கமும் அடித்தான். பத்துப் பலகை. அவன் முதலில் சொன்னதேதான். அறுக்கும்போது எதுவும் உடையாததால் பதினோராவது தேவைப்படவில்லை.

கடைசித் துண்டு உட்கார்ந்ததும் ரேணுவின் பக்கம் இருட்டிவிட்டது.

பகல் பதினோரு மணி இருக்கும். ஆசாரி ஏணிமேல் சுத்தியலோடு அப்படியே நின்றான். எங்கள் பின்கட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அது தேவகி பக்கத்தில். பத்து வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் அவள் நெய்தாள். தடுப்பு வந்த பிறகும் மேலே திறந்திருந்த இடத்தின் வழியாக அதுதான் அவள் தறிமேல் விழுந்துகொண்டிருந்தது. சாக்கைக்கூட அவள் பகலில் சுருட்டி வைத்துவிடுவாள், எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீளம் அளந்தோம், உசரம் அளந்தோம், வாசலைக் கழித்தோம். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஏன் இந்தப் பக்கமும் ஒரு கண்ணாடி ஓடு போடவில்லை என்று கேட்பீர்கள். போட்டோம். மறுநாளே போட்டோம். ரேணு பக்கத்தை ஒட்டி, அடுத்த வீட்டு அருணாச்சலத்தின் மாடிச் சுவர் இரண்டு ஆள் உசரம் நிற்கிறது. அதன் நிழல் காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்கள் ஓட்டின்மேலேயே படுத்திருக்கும். உச்சிவேளையிலும் மழைநாள் மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். பல்பு மாட்டினோம். பாதி நேரம் கரண்ட் இல்லை. இருந்த நேரத்தில் நெய்ததை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்கு குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அரக்குக்குப் பதில் மெரூனாக ஓடியிருந்தது. பல்பு மஞ்சளில் அவளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. ரேணு நெய்ததில் நிறம் மாறியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் அந்தச் சாணை ஒவ்வொரு ஊடையாகப் பிரித்தெடுத்தாள்.

“மேல இருக்கற பலகைய மட்டும் எடுத்துடச் சொல்றேன், ரேணு,” என்றேன்.

“எடுத்தா தேவகி வருவாளா?”

“பேசிப் பாக்கலாம்.”

“எத்தினி பேருகிட்ட பேசுவீங்க அண்ணி? அந்தப் பொண்ணுக்கு மூடியிருக்கணும். எனக்குத் தொறந்திருக்கணும். ரெண்டுக்கும் பலகை எவனும் செய்யல.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லி முன்கட்டுல…”

“முன்கட்டுல ஜெயவேலு தறி. அவன எங்க தூக்கிப் போடறது? போதும் அண்ணி. எனக்கு அசதியா இருக்குது. நான் போயிடறேன்.”

பத்து வருஷத்தில் அசதி என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. காய்ச்சலிலும் நெய்தவள். அதைக் கேட்டதும் நேராக என் வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். தங்கைக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர், “நானா போவச் சொன்னேன்?” என்றார். போகச் சொல்லவில்லைதான். இருக்கச் சொல்லவும் இல்லை.

தேவிகாபுரத்தில் மாணிக்கவேல் என்று ஒரு நெசவுக்காரர், பெண்டாட்டியோடு நாலு தறி வைத்து நடத்துகிறவர். அவர் பெண்டாட்டிக்குப் பாவு பிணைக்க முன்பு இரண்டு மூன்று தடவை ரேணு போயிருக்கிறாள். அங்கே ஜன்னலோரத்தில் ஒரு தறி காலியாக இருக்கிறது, கூலிக்கு நெய்துகொண்டு அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொந்தத் தறியில் நெய்தவள் அடுத்தவர் தறியில் உட்காரப் போனாள். ஆசாரி எங்கே வந்தான் இதில்?

ஆவணி முதல் வெள்ளி தேவகியை அழைத்துவருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின புதன்கிழமை, காலைச் சாப்பாடு ஆன பிறகு, ரேணு தன் பக்கத்தைப் பெருக்கித் துடைத்தாள். பாதி நெய்திருந்த சேலையைப் பாவோடு சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டாள். ஊடை ஓட்டுகிற இரண்டு நாடா, ஒரு தகரப்பெட்டி. தறிமரத்தை விட்டுவிட்டாள். “ஜெயவேலுக்கு மரம் ஒடஞ்சா எடுத்துக்கச் சொல்லுங்க,” என்றாள். அண்ணன் முன்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். போய்வருகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஜெயவேல் தறியிலிருந்து எழுந்து வந்து பெட்டியை வாங்கினான். “உடு, ஊடைய பாதில வெச்சிட்டு எழுந்து வராத, கரை கோணிக்கும்,” என்று அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

நான் வாசல்வரைக்கும் போனேன். பூ வாங்கிவைத்திருந்தேன், கொடுக்கக் கை வரவில்லை. அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அண்ணி, தறிக்குழி தொறந்து கெடக்குது. தேவகி கிணத்தடிக்கு அந்த வழியாத்தான் போவணும். அந்த இருட்டுல தெரியாது, கால உட்டுடுவா. வெள்ளிக்கிழமைக்குள்ள மண்ணப் போட்டு மூடிடுங்க.”

சரி என்றேன். அவள் இறங்கி, பெட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு இருக்கிற பக்கம் நடந்தாள்.